இயற்பியலில் சிந்தனைத் திறன் தேர்வு: கொள்குறியா, விளக்க விடையா?

எந்தத் தேர்வை வைப்பது என்று குழம்பும் மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்காக. கொள்குறி என்றால் கொடுத்த விடைகளில் சரியானதைக் குறிப்பது; விளக்க விடை என்றால் காரணத்தோடு எழுதுவது.

திருத்தும் வேலை
கொள்குறி: ஒரே மாலையில் முடியும்.
விளக்க விடை: வார இறுதியே போய்விடும்.

நம்பகத்தன்மை
கொள்குறி: யார் திருத்தினாலும் அதே மதிப்பெண். ஆனால் ஐந்தில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலும் 20% வாய்ப்பு.
விளக்க விடை: இருவர் தனித்தனியே திருத்தி ஒப்பிடாமல் நம்ப முடியாது.

எதை அளக்கிறது
முக்கியமானது இதுதான். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன்மேல் என்ன விசை? 'புவியீர்ப்பு மட்டும்' என்று சரியாகக் குறித்த மாணவியே, எழுதச் சொன்னால் 'அங்கே வேகம் சுழி, அதனால் முடுக்கமும் சுழி' என்று எழுதக்கூடும். காரணம் தாளில் வந்தால்தான் இது பிடிபடும். அதற்காகக் கொள்குறியை ஒதுக்க வேண்டாம். 1992இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டெனெஸ் குழு வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வு (Force Concept Inventory) என்ற கொள்குறித் தேர்வில், தவறான விடைகள் மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் கருத்துகளை ஒட்டி அமைந்தவை. தவறான விடைகளை இப்படி அமைப்பதில்தான் கொள்குறித் தேர்வின் தரம் இருக்கிறது.

பெரிய வகுப்பு, ஆண்டின் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட வேண்டும் என்றால் கொள்குறி. பாடம் முடிந்ததும் யார் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்க விளக்க விடை. மூன்று கேள்வி போதும். நேரம் கிடைத்தால், விடையைக் குறித்துவிட்டு, அப்புறம் காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.