ஜானிகேக்: ஆறு குளிர்காலம் சுட்டுப் பார்த்த பிறகு

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்துக்குக் குடிவந்த ஆண்டு வாங்கிய வார்ப்பிரும்புக் கல்லில், ஆறு குளிர்காலங்களாக வாரம் ஒரு முறையாவது ஜானிகேக் சுட்டு வருகிறேன். நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்காவின் பழைய வீடுகளில் அன்றாட உணவாக இருந்த இந்த அடைக்கு வெள்ளை மக்காச்சோள மாவு, உப்பு, கொதிநீர், சிறிது பால் ஆகியவை போதும். முட்டையும் சோடா உப்பும் வேண்டியதில்லை. இவ்வளவு எளியதை முதல் ஓராண்டு தவறாகவே செய்தேன்.

கோதுமை பான்கேக் சுட்டுப் பழகிய கைதான் காரணம். குளிர்ந்த பாலில் கெட்டியாகக் கரைத்து ஊற்றிய மாவு, திருப்பும்போதெல்லாம் உடைந்தது. கோதுமை மாவை ஒட்டிப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரதம் மக்காச்சோளத்தில் கிடையாது. கொதிநீர் பட்டு மாவுச்சத்து வெந்து பசையானால்தான் தடித்த அடை ஒன்றாக நிற்கும். 1796இல் ஹார்ட்ஃபோர்டில் வெளியான அமீலியா சிம்மன்ஸின் சமையல் நூலும், ‘ஜானி கேக் அல்லது ஹோ கேக்’ என்ற குறிப்பில், 3 பைன்ட் (ஒரு பைன்ட் ஏறத்தாழ அரை லிட்டர்) மக்காச்சோள மாவுக்கும் அரை பைன்ட் கோதுமை மாவுக்கும் 1 பைன்ட் பாலைச் சுடவைத்துச் சேர்க்கச் சொல்கிறது. அந்த அளவில் பிசைந்தபோது, கரண்டியால் வார்க்கவே முடியாத உருண்டைதான் கிடைத்தது. அது கல்லில் ஊற்றுவதற்கன்று, அடுப்புத் தீக்கு எதிரே வைத்துச் சுடுவதற்கான பதம் என்பது பிறகுதான் புரிந்தது.

இப்போது ஒரு கப் மாவில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, தளதளவெனக் கொதிக்கும் நீரை ஒன்றேகால் கப் ஊற்றிக் கிளறி, பத்து நிமிடம் மூடி வைக்கிறேன். மாவு நீரைக் குடித்து இறுகிய பின், இட்லி மாவின் பதம் வரும்வரை பால் விட்டுத் தளர்த்திக்கொள்கிறேன். மிதமான தீயில், வெண்ணெய் தடவிய கல்லில், பக்கத்துக்கு ஆறு நிமிடம். ஓரம் பொன்னிறமாகும்வரை தொடக் கூடாது. இது மாநிலத்தின் தென்பகுதியினரின் தடித்த வகை. நியூபோர்ட் பக்கத்தில் குளிர்ந்த பாலில் நீர்க்கக் கரைத்து மெல்லியதாக வார்க்கிறார்கள். அதன் மொறுமொறுப்பான ஓரம் அருமைதான், ஆனால் எனக்கு மூன்றில் ஒன்று இன்றும் கிழிந்துவிடுகிறது.

மாவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நாரகான்செட் பழங்குடியினர் பயிரிட்டு வந்த கடினமணி வெள்ளை மக்காச்சோளத்தைக் கல் எந்திரத்தில் அரைத்த மாவுக்குரிய மணம், கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் நிற மக்காச்சோள மாவில் இல்லை. விலை கூடுதல் என்பது ஒரு குறை. முளையோடு சேர்த்து அரைப்பதால் மாவு விரைவில் சிக்கு வாடை பிடிப்பது அதைவிடப் பெரிய குறை. ஒரு கோடையில் அலமாரியில் விட்ட பை முழுவதும் கசந்துபோனதால், இப்போது உறைபெட்டியில்தான் வைக்கிறேன்.

சூடான ஜானிகேக் யார்க்‌ஷயர் மஃபின் என்ற ஆங்கிலேய ரொட்டியைவிட மேலானது என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1766இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வாதிட்டார். அவர் ‘சூடான’ என்று சொன்னதில் பொருள் இருக்கிறது. ஆறிய அடை அரை மணி நேரத்தில் தோல்போல் இறுகிவிடும். மீந்ததை மறுநாள் வெண்ணெயில் இருபுறமும் முறுக விட்டு, மேப்பிள் பாகு ஊற்றித் தின்கிறோம்.