வவுனியா முத்திரைக் கடையின் ‘ஹங்கேரி 1919’ பொதி: எதை எடுக்கலாம், எதை விடலாம்

வவுனியா பசார் வீதிப் பக்கமுள்ள பழைய நாணய, முத்திரைக் கடையொன்றில் ‘ஹங்கேரி 1919’ என்று எழுதிய பொதி 1,800 ரூபாவுக்குக் கிடைக்கிறது. உள்ளே 22 முத்திரைகளும் ஒரு பழைய தாள் காசும் இருக்கின்றன. முத்திரை சேர்ப்பவர்களுக்கும் உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல பொதி. ஆனால் அதிலுள்ள நான்கு முத்திரைகளுக்காக ஒரு சதமும் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

கடைக்காரர் வைத்திருக்கும் விளக்கத் துண்டில் ஆண்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் பின்னணி தெரிந்துகொண்டு போவது நல்லது. 1919 மார்ச் 20 அன்று, முதல் உலகப் போரில் வென்ற நாடுகளின் சார்பில் பிரெஞ்சு லெப்டினன்ட் கேணல் விக்ஸ் கொடுத்த குறிப்பு, ஹங்கேரியப் படையை இன்னும் பின்வாங்கச் சொன்னது. அதை ஏற்க முடியாமல் ஹங்கேரியின் அப்போதைய தலைவர் கரோயியின் அரசு விலகியது. மறுநாளே சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து சோவியத் குடியரசை அறிவித்தார்கள். பெயருக்குத் தலைவர் ஷாண்டோர் கர்பாய். பிடி இருந்தது வெளிவிவகாரத்தைப் பார்த்த பேலா குன் கையில். ஏப்ரல் 16 இல் ருமேனியப் படை தாக்கத் தொடங்கியது, வடக்கே செக்கோஸ்லோவாக்கியப் படை வந்தது. ஆகஸ்ட் 1 இல் எல்லாம் முடிந்தது. மொத்தம் 133 நாள்.

அந்த 133 நாளுக்குள் ஒரு அரசு தனக்கென்று முத்திரை அடித்து வெளியிட்டதே பெரிய காரியம். ஜூன் 14 இல் வந்த ஐந்து உருவப்பட முத்திரைகளும் பொதியில் முழுத் தொகுதியாக இருக்கின்றன: 20 ஃபில்லேர் (அப்போதைய ஹங்கேரியச் சில்லறைக் காசு) மார்க்ஸ், 45 கவிஞர் பெட்டோஃபி, 60 மார்ட்டினோவிச், 75 டோஷா, 80 ஏங்கெல்ஸ். டோஷா 1514 இல் குடியானவர் எழுச்சியை நடத்தியவர். மார்ட்டினோவிச் 1795 இல் தலை வெட்டப்பட்டவர். வந்து மூன்று மாதமான அரசு, நானூறு வருசத்துக் கிளர்ச்சிக்காரரைத் தன் முன்னோராக நிறுத்துகிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டிப் பேச ஒரு பாடவேளை போதாது. பொதியின் பெறுமதியில் பாதி இந்த ஐந்துதான். அதே முத்திரைகள் தனியாகவும் மலிவாகக் கிடைக்கக்கூடியவை, ஆகவே விலை பேசத் தயங்க வேண்டாம்.

அடுத்தவை, 1916 இலிருந்து புழங்கிய அறுவடைக்காரர், பாராளுமன்றக் கட்டடப் படங்களின் மேல் ஜூலையில் குடியரசின் பெயரை மேலச்சாக அடித்தவை. இவற்றோடு கரும் கோதுமைக் கதிர் அச்சடித்த மூன்று முத்திரைகளையும் கடைக்காரர் ஒரே மட்டையில் சேர்த்துவிட்டார். அது பிழை. கதிர் அச்சு 1920 இல் வந்தது, விழுந்த அரசின் பெயரை மறைப்பதற்காக அடித்தது. பூதக்கண்ணாடியால் பார்த்தால் கதிரின் கீழே பழைய எழுத்துகள் தெரியும். வாங்கியவுடன் அவற்றைப் பிரித்து, 1919 நவம்பர் 16 இல் அந்த அரசுக்கு எதிரணியின் தலைவர் ஹோர்த்தியின் படை புடாபெஸ்ட் நுழைந்ததைக் கொண்டாடும் மேலச்சு முத்திரைக்குப் பின்னால் வையுங்கள். வரிசை சரியானால் அல்பம் தானாகவே கதை சொல்லும்.

விடவேண்டிய நான்கும் ‘ருமேனிய ஆக்கிரமிப்பு வலயம்’ என்று, கிழக்கு ஹங்கேரியிலுள்ள டெப்ரெட்சென் நகரத்தில் அடித்த மேலச்சு உள்ளவை. ஆக்கிரமிப்பு மேலச்சுகளில் கள்ள அச்சு மலிந்து கிடக்கிறது. அடிப்படை முத்திரை மலிவு, மேல் அச்சு ஏறினால் விலை பலமடங்கு. ஒரு றப்பர் சீல் இருந்தால் போதும். பாவித்த முத்திரையானால் இப்படிப் பாருங்கள்: பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை வைத்து, தபால் சீலின் கோடும் மேலச்சின் கோடும் வெட்டும் இடத்தைத் தேடுங்கள். உண்மையானதில் தபால் சீல் மேலே கிடக்கும். மேலச்சின் மை சீலுக்கு மேலே ஏறியிருந்தால் அது பிறகு அடித்தது. பொதியிலுள்ள நான்கில் இரண்டு இந்தச் சோதனையிலேயே விழுகின்றன. மற்ற இரண்டும் பாவிக்காதவை. நிபுணர் சான்று இல்லாமல் அவற்றுக்குக் காசு கொடுப்பது வீண்.

கடையின் பெரிய குறை, முத்திரைகளை மட்டையில் செலோரேப்பால் ஒட்டியிருப்பது. வன்னி வெயிலில் அந்தப் பசை உருகித் தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறை போடும். பிறகு கழற்ற வழியில்லை. ரேப் படாத மட்டையைக் கேட்டு வாங்குங்கள், உள்ளே வைத்திருக்கிறார்கள்.

பாவித்த முத்திரையைக் கடிதத் தாளிலிருந்து கழற்றுவதானால் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும். மழைத் தண்ணீர் நல்லது. இளஞ்சூட்டில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டால் தானாகக் கழன்று வரும், உரிக்கக் கூடாது. பசையோடு இருக்கும் பாவிக்காத முத்திரையைத் தண்ணீரில் போடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பசை அல்பத் தாளோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே அல்பத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வெளிச்சுவரைத் தொடாத றாக்கையில் வையுங்கள். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று லமினேற் பண்ணிவிடாதீர்கள், அதோடு முத்திரை போச்சு. இடப்பெயர்வுகளில் எத்தனையோ அல்பங்களைக் கைவிட்டு வந்த ஊர் இது. கையில் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.

கடைசியாக அந்தத் தாள் காசு, 25 கொரோனா (அப்போதைய ஹங்கேரிய நாணயம்). ‘வெள்ளைக் காசு’ என்று சனம் சொன்னது இதைத்தான். அந்த அரசு அவசரத்தில் அடித்துத் தள்ளியதால் குடியானவர்கள் வாங்க மறுத்தார்கள், விளைபொருள் நகரத்துக்கு வராமல் நின்றது. ஆனால் 1918 திகதியிட்ட இதே தாள் வியன்னாவிலும் அச்சானது. எந்த அச்சு என்று பிரிக்கத் தொடர் இலக்கத்தைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். கடைக்காரர் அதைப் பார்த்து வைக்கவில்லை. பட்டியல் கைவசம் இருப்பவர்கள் வாங்குமுன் கடையிலேயே பார்த்துவிடுங்கள். நான்கு டெப்ரெட்சென் முத்திரைகளைக் கழித்துக் கேட்டால் 1,200 ரூபாவுக்குத் தருகிறார். அந்த விலைக்கு எடுக்கலாம்.