குட்டைச் சூரியகாந்தியா, நெட்டையா? நுவரெலியாக் குளிருக்கு எது?

போன வருடம் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு) முன்னால் உள்ள பாத்தியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்று ஆளுயரத்தைத் தாண்டிப் போகும் ‘மமத் ரஷ்யன்’, மற்றது இடுப்புக்கு மேல் வளராத ‘டெடி பெயார்’. இந்த வருடம் குட்டை மட்டும்தான்.

கம்பீரத்தில் நெட்டைதான். கொறிக்க விதை வேண்டுமென்றாலும் அதுதான். குட்டைக்கு மிலாறுக் குச்சி (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை) ஒன்று போதும், நெட்டைக்கு மூங்கிலே ஊன்ற வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

சமாளிக்க முடியாதது நாள் கணக்கு. இங்கே 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியலில் துகள் உறைபனி கொட்டும். மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிடும். நடுவில் கையில் கிடைப்பது மூன்று மாதம். விதைப் பாக்கெட்டில் குட்டைக்கு 60, 65 நாள் என்று இருக்கும், ஆனால் அது சூடான ஊருக்கான கணக்கு. பெப்ரவரி 20இல் விதைத்த என் குட்டைக்கு 80 நாள் ஆனது. மே பத்து வாக்கில், மழைக்கு முன்னால், பாத்தி முழுக்க மஞ்சள். நெட்டை மொட்டுவிடும்போதே மழை வந்துவிட்டது. ஜூன் நடுவில் பூ விரிந்தது, பத்தே நாளில் பூத்தலையின் பின்பக்கம் பழுப்பாகி, கொழகொழத்து, சாம்பல் பூஞ்சணம் ஏறிவிட்டது. ஒரு விதைகூடத் தேறவில்லை. அந்தத் தண்டுகளை வெட்டும்போது மனசு கேட்கவில்லை.

கனடாவின் மனிடோபாவிலும் குளிர்தானே, அங்கே சூரியகாந்தி வயல் வயலாக விளைகிறதே என்று கேட்கலாம். அங்கே பருவம் குறுகியது, ஆனால் ஜூனில் பகல் 16 மணித்தியாலம். நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான், அதிலும் பாதி நாள் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி.

சரி, ஜனவரியிலேயே விதைத்தால் என்ன? விதையிலைப் பருவத்தில் நாற்று லேசான உறைபனியைத் தாங்கும். ஆறேழு இலை வந்த பிறகு தாங்காது, பெப்ரவரிப் பனியில் கருகிவிடும். பெப்ரவரி முதல் வாரத்தில் விதைத்து ஒரு பத்து நாளை மிச்சம் பிடிக்கலாம். அது குட்டைக்கு உதவும், நெட்டைக்குப் போதாது.

நான் சொல்வது ஒரே ஒரு வருட அனுபவம், அதுவும் நுவரெலியாவில். பண்டாரவளைப் பக்கம் கதை வேறு. உயரம் குறைவு, தென்மேல் மழைக் காலத்தில் அந்த ஊவா மாகாணம் காய்ந்து கிடக்கும். அதனால் மிச்சமிருந்த நெட்டை விதையை அங்கே இருக்கும் சித்திக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.