செத்துப்போச்சு என்று நினைத்த கோழி: நாட்டுக்கோழி வளர்ப்பில் நாலு வருட அனுபவம்

கோழி வாங்கி இரண்டாவது வாரம் அது. மதியம் கொல்லைப் பக்கம் போனால், முருங்கை மரத்தடியில் கருப்புப் பெட்டை ஒருக்களித்துக் கிடக்கிறது. ஒரு இறக்கை விசிறி மாதிரி விரிந்திருக்கிறது, கால் நீட்டியபடி, கண் பாதி மூடி, அலகு லேசாகத் திறந்து. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆச்சி ஓடி வந்தார். "வெயில் காயுதும்மா. கிட்டப் போகாத, எந்திரிச்சிரும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது எழுந்து உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு நடந்து போனது.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஐந்து பெட்டை, ஒரு சேவலோடு ஆரம்பித்தது. இப்போது பதினேழு உருப்படி நிற்கிறது. புதிதாகக் கோழி வாங்கியவர்கள் என்னிடம் பதறிக் கேட்பதில் முக்கால்வாசி இப்படிப்பட்ட சங்கதிகள்தான். கோழி கோழியாக இருக்கிறது, நமக்குத்தான் பழக்கமில்லை.

மண் குளியலும் அப்படித்தான். குழி பறித்து, அதில் படுத்துப் புரண்டு, கால்களை உதைத்து, இறக்கைக்குள் புழுதியை வாரி இறைத்துக்கொள்ளும். பார்த்தால் வலிப்பு வந்த மாதிரியே இருக்கும். பேனையும் செள்ளையும் உதிர்க்க அதற்கு இருக்கிற வழி இது. குளிக்க இடமில்லாத கோழி சிமென்ட் தரையில்கூட படுத்துப் புரளப் பார்க்கும், பாவமாக இருக்கும். காய்ந்த மண்ணோடு கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்து ஒரு மூலையில் கொட்டி வையுங்கள், போதும்.

சாயங்காலம் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தால் கட்டி என்று நினைக்க வேண்டாம். அது இரைப்பை. மேய்ந்த கம்பும் புல்லும் பூச்சியும் அங்கேதான் சேர்ந்திருக்கும். ராத்திரியில் செரித்து, விடியும்போது தட்டையாகிவிடும். விடிந்த பிறகும் கல்லு மாதிரி இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

என்னை நிஜமாகவே ஆட்டிவைத்தது இறகு உதிர்தல். முதல் வருடம் ஐப்பசியில் கூட்டைத் திறந்தால் தலையணை கிழிந்த மாதிரி தரை முழுக்க இறகு. கழுத்தில் ஆரம்பித்து முதுகு, வால் என்று போனது. நாய் கடித்ததா, தோல் வியாதியா என்று தூக்கமே இல்லை. முட்டையும் நின்றுவிட்டது. பகல் குறையும் காலத்தில் வளர்ந்த கோழிகள் வருடத்துக்கு ஒருமுறை பழைய இறகைக் கழித்துப் புதிது போட்டுக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம்கூட இழுக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் தோலில் பேனா ரீபிள் மாதிரி கருநீலக் குழல்கள் முளைத்து நிற்கும். அதற்குள் ரத்தம் ஓடுகிறது, தொட்டால் வலிக்கும். அந்தச் சமயத்தில் கோழியைத் தூக்காதீர்கள். இறகு பெரும்பாலும் புரதம்தான். அதனால் கருவாட்டுத் தூள், கரையான், ஊறவைத்த பயறு என்று கூடுதலாகக் கொடுப்பேன்.

அடுத்தது அடை. சாதுவாக இருந்த பெட்டை திடீரென்று முட்டைக் கூடையை விட்டு எழாது. கையை நீட்டினால் உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு உறுமும், கொத்தும். வயிற்று இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் பட அதுதான் வழி. நாளுக்கு ஒரு தடவை இறங்கி, அவசரமாகத் தின்று, கைப்பிடி அளவுக்கு நாற்றமடிக்கிற எச்சம் போட்டுவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். முட்டை வைத்தால் 21 நாளில் குஞ்சு. வேண்டாம் என்றால், அடை தெளிய மூக்கில் இறகு குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் ஊரில் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. காற்றோட்டமான பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை), வைக்கோல் போடாமல், தீனி தண்ணீரோடு நாலைந்து நாள் வைத்தாலே தெளிந்துவிடுகிறது.

முதல் முட்டைகள் சின்னதாக இருப்பது, எப்போதாவது ஓடில்லாத தோல்முட்டை வருவது, சித்திரையில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது எல்லாம் சாதாரணம். கோழிக்கு வியர்க்காது, அதனால் வாய் வழியாகச் சூட்டை இறக்கும். நிழலும் தண்ணீரும் இருந்தால் சரி.

எச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் மேலே தொப்பி மாதிரி இருக்கிற வெள்ளை கோழியின் சிறுநீர். எட்டுப் பத்துக்கு ஒன்று பழுப்பாக, பசை மாதிரி இருக்கும், நாறும், அதுவும் நோயில்லை. பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்க் கழிந்து, கொண்டை கருத்து, இரை எடுக்காமல் கழுத்தை முறுக்கினால் அது வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட் என்கிற வைரஸ் நோய். வந்த பிறகு மருந்து கிடையாது. இரண்டாவது வருடம் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டு மூன்றே நாளில் நாலு கோழியைப் புதைத்தேன், அதில் அந்தக் கருப்புப் பெட்டையும் ஒன்று. இப்போது குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி, தவறுவதில்லை.

கோழி நோயை முடிந்தவரை மறைக்கும். அதனால் காலையில் கூட்டைத் திறந்ததும் தீனி டப்பாவைத் தட்டிவிட்டு, கடைசியாக எது வருகிறது என்று பார்க்கிறேன். அடைக்கோழியைத் தவிர வேறு எது பின்தங்கினாலும் அன்றைக்கு அதைத் தனியாகப் பஞ்சாரத்தில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.