திருவொற்றியூரிலிருந்து அம்பத்தூர் வரை: மின்சாரக் காருடன் நான்கு ஆண்டுகள்

2021 டிசம்பரில் வாங்கிய என் மின்சாரக் கார் 56,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. அதற்கு முன் ஏழு ஆண்டுகள் பெட்ரோல் கார் வைத்திருந்தேன். மைத்துனர் வெளியூரில் இருந்த மூன்று மாதங்கள் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த அவருடைய ஹைபிரிட் காரையும் நான்தான் வேலைக்கு எடுத்துச் சென்றேன். மூன்றையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்த பிறகு, எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, இரவில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்பதைத்தான்.

திருவொற்றியூரிலிருந்து மணலி, மாதவரம் வழியாக அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு எனக்கு ஒரு வழிக்கு 22 கிலோமீட்டர். இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கார் வருவதற்கு முன் வீட்டில் இரு மாதத்திற்கு 300 யூனிட் செலவானது. இப்போது 660 ஆகிறது. 500 யூனிட்டைத் தாண்டியதும் மானியம் குறைந்து, வீட்டுக்குச் செலவான யூனிட்டுகளின் விலையும் சேர்ந்தே ஏறிவிடுவதால், சுமார் 700 ரூபாயாக இருந்த பில் 3,500 ஆகிவிட்டது. கார் கடைக்காரர்கள் போட்டுக் காட்டும் கணக்கில் இந்த ஏற்றம் இருப்பதில்லை. அப்படியும் கூடுதல் செலவு 2,800 ரூபாய்தான். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், இதே தூரத்திற்கு என் பழைய பெட்ரோல் கார் 17,500 ரூபாயும் ஹைபிரிட் 11,000 ரூபாயும் கேட்டிருக்கும். சாலை வரி விலக்கு போக, பெட்ரோல் காரைவிட நான்கு லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். அந்தப் பணம் இந்த ஐந்தாம் ஆண்டில்தான் முழுதாகத் திரும்பும்.

ஹைபிரிட்டின் அருமை தெரிந்தது மணலி சாலையில்தான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஊர்ந்தபோது, பெரும்பாலான நேரம் எஞ்சின் அணைந்தே இருந்தது. பிரேக் பிடிக்கும்போது சேரும் மின்சாரத்திலேயே வண்டி அடுத்த பத்தடியை நகர்ந்தது. நெரிசலில் பெட்ரோல் காரின் மைலேஜ் சரியும். இப்படி மோட்டாரிலேயே தனியாக நகரக்கூடிய ஸ்ட்ராங் ஹைபிரிட் அங்கேதான் மிச்சப்படுத்துகிறது. மைல்ட் ஹைபிரிட் என்று விற்கப்படுவது வேறு. அதில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாக வண்டியை இழுக்காது. வாங்கும்போது இதைக் கட்டாயம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மின்சாரக் காரில் நான் பட்ட பெரிய பாடு, மின்கசிவை மண்ணுக்குள் கடத்தும் எர்த் இணைப்பால்தான். வாங்கிய எட்டாம் மாதம், இரவில் ப்ளக்கைச் செருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். சர்வீஸ் நிலையத்துக்கு இரண்டு முறை போய் வந்தும் பயனில்லை. அங்கே வண்டி ஒழுங்காகச் சார்ஜ் ஆனது. கடைசியில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் வந்து, படிக்கட்டுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டினார். எர்த் குழாய் கையோடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதில் கட்டியிருந்த செம்புக் கம்பியில் பச்சைப் பாசி போலக் களிம்பு ஏறியிருந்தது. “வண்டியில ஒண்ணும் இல்ல சார், கடக்காத்து எர்த்தத் தின்னுடுச்சு” என்றார். புதுக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, காருக்கென்று தனி வயரும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்த பிறகு இன்றுவரை தொல்லை இல்லை. கடலோரம் இருப்பவர்கள் காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். மாதம் ஒரு முறை ப்ளக்கின் ஊசிகளைத் துடைத்து, அவை கருகியிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. புயலுக்கு முந்தைய இரவே முழுதாகச் சார்ஜ் செய்து மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்ததால் தப்பித்தேன். பேட்டரிக்குத் தூசியும் நீரும் புகாது என்னும் ஐ.பி. 67 தரச் சான்று இருக்கிறது என்பதற்காகத் தேங்கிய நீரில் வண்டியை இறக்கத் துணியாதீர்கள். அது ஒரு மீட்டர் நன்னீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை மட்டுமே.

பேட்டரியைப் பற்றிய பயம் எனக்குக் குறைந்துவிட்டது. புதிதில் முழுச் சார்ஜுக்கு 210 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 195 ஓடுகிறது. உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர்.

மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்வதில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பலை எண்ணூர்க்காரர்கள் சுமந்துகொண்டிருக்கும்போது, என் காரைச் சுத்தமானது என்று சொல்ல மனம் வருவதில்லை. ஆனாலும் பள்ளி விடும் நேரத்தில் எங்கள் குறுகிய தெருவில் பிள்ளைகளின் முகத்தருகே புகை விடாமல் போக முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

போன மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் அக்கா கார் வாங்க யோசனை கேட்டார். அவர்கள் சந்துக்குள் கார் நுழையாது, தெருமுனையில்தான் நிறுத்த வேண்டும், அங்கே வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்ய முடியாது; ஆகவே மின்சாரக் கார் வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஹைபிரிட் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைவிட நீளமான ஹைபிரிட்டுகளுக்கு 40 சதவீதம். அக்கா வீட்டில் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அதில் ஹைபிரிட் மிச்சப்படுத்துவது 12,000 ரூபாய், கூடுதலாகக் கொடுக்கும் விலையோ மூன்று லட்சத்துக்குக் குறையாது. சிறிய பெட்ரோல் காருக்கே பதிவு செய்திருக்கிறார்.