ஆட்டோ ஏசி: 24-ல் வைத்துவிட்டுக் கையை எடுங்கள்

கார் வாங்கும்போது ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோலுக்காக (டிகிரியை நாம் வைத்தால் போதும், குளிரையும் ஃபேனையும் வண்டியே பார்த்துக்கொள்ளும் ஏசி) விலை கூடிய மேல் வேரியண்டுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது. தினமும் மதுரை வெயில், அவ்வப்போது சென்னை, எப்போதாவது கொடைக்கானல் என்று சில வருடங்களாக ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், சன்ரூஃபுக்குக் கொட்டும் காசை இதற்குக் கொடுக்கலாம். ஆனால் அதை அதன் போக்கில் விட வேண்டும், அதுதான் நம்மால் முடிவதில்லை.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் சீக்கிரம் குளிரட்டும் என்று 16-க்கு இறக்குவார்கள். உள்ளே கொதிக்கும்போது 24 வைத்தாலும் சரி, 16 வைத்தாலும் சரி, கம்ப்ரஸர் முழு மூச்சில்தான் ஓடும், ஃபேனும் உச்சத்தில்தான் சுற்றும். வித்தியாசம் அப்புறம்தான் தெரியும்: 24-ல் ஃபேன் தானாக அடங்கிவிடும், 16-ல் நடுங்கிப்போய் 28-க்கு ஏற்றி, வேர்த்ததும் மறுபடி இறக்கி, கடைசிவரை பட்டனோடுதான் மல்லுக்கட்டு. அதற்குப் பதில் முதலில் ஜன்னல்களை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அனல் வெளியேறியதும் ஏற்றிவிடுங்கள்.

கேட்ட டிகிரி எப்படிக் கிடைக்கிறது? ஏசி காயிலைத் தாண்டி வரும் குளிர்ந்த காற்றில் கொஞ்சத்தை ஹீட்டர் வழியாகத் திருப்பிவிட்டு இரண்டையும் கலக்கிறார்கள், குளிக்க வெந்நீர் விளாவுகிற மாதிரி. எவ்வளவு திருப்புவது என்பதை ஒரு சின்ன மோட்டாரில் திறந்து மூடும் தடுப்புப் பலகை பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தகவல் தர, முன் பம்பர் பக்கம் ஒரு சென்சார் வெளி வெப்பத்தை அளக்கும். ஸ்டியரிங் அருகே சின்னச் சல்லடைக்குப் பின்னால் ஒன்று உள்காற்றை இழுத்துப் பார்க்கும். பல வண்டிகளில் டேஷ்போர்டு மேல் கண்ணாடியோரம் கறுப்புக் குமிழாக இருப்பது வெயில் சென்சார். தெரிந்தவர் ஒருவர் மத்தியானத்தில் ஏசி பத்தவில்லை என்று புலம்பினார், போய்ப் பார்த்தால் அந்தக் குமிழை மறைத்துக்கொண்டு பிள்ளையார். அவரை இரண்டு அங்குலம் நகர்த்தியதும் ஃபேன் ஏறியது.

கொடைக்கானலில் அதிகாலை வண்டியை எடுத்தால் 24 வைத்தும் காற்று லேசாகத்தான் வரும். ரிப்பேர் இல்லை. ஹீட்டருக்குச் சூடு தருவது கூலண்ட், அதாவது இன்ஜினைச் சுற்றி ஓடும் திரவம். அது சூடாகும்வரை குளிர்காற்றை முகத்தில் அடிக்காமல் ஏசி காத்திருக்கிறது.

குறை என்றால் பின் சீட்டுதான். அளப்பது முன்னால் என்பதால் அங்கே குளிர்ந்ததும் ஃபேன் அடங்கிவிடும், பின்னால் அம்மா "காத்தே வரலப்பா" என்பார். ஆட்கள் நிறைய ஏறினால் 22-க்கு இறக்குவேன், வேறு வழியில்லை. சென்னைப் புழுக்கத்தில் இரவு ஓட்டும்போது கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படிந்தால் காற்றை முன் கண்ணாடி மேல் அடிக்கும் டிஃபாக் பட்டனை அழுத்தாதீர்கள், குளிர்காற்று பட்டுப் பட்டு இன்னும் மங்கும். வைப்பரை ஒரு தரம் போட்டுவிட்டுக் காற்றை முகத்துக்குத் திருப்புங்கள்.

ஃபேன் இரைச்சல் மட்டும் ஏறிக் காற்று வரவில்லை என்றால் கேஸ் போட ஓட வேண்டாம். பெரும்பாலான கார்களில் கேபின் ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், முதலில் அதைக் கழற்றித் தட்டிப் பாருங்கள்.