நெடுஞ்சாலையில் நின்ற காருக்குப் பின்கோடு ஏது? சாலையோர உதவிச் சேவையோடு சில ஆண்டுகள்

என் சகலை கோயம்புத்தூரில் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றும்போது ‘ரோட்சைட் அசிஸ்டன்ஸ்’ என்னும் கூடுதல் பிரிவையும் சேர்த்துக்கொள்ளலாமா, அது தண்டச் செலவா என்று என்னிடம் கேட்டார். பல ஆண்டுகளாக இந்தச் சேவையை வைத்திருப்பவன், பலமுறை அழைத்துமிருப்பவன் என்பதால் ஆம், இல்லை என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அவருக்குச் சொல்லத் தொடங்கியது நீண்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை; இடையில் ஒருமுறை நிறுவனத்தை மாற்றிப் பார்த்தும் நான் சொல்லவரும் குறை மாறவில்லை என்பதால் பெயரால் பயனும் இல்லை.

பேட்டரி இறங்கினால் ஜம்ப் ஸ்டார்ட், பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றித் தருதல், சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் கதவைத் திறத்தல், ஓட முடியாத வண்டியைக் குறிப்பிட்ட தூரம் வரை ஏற்றிச் செல்லுதல் என்று இத்திட்டங்களில் உள்ளவை எல்லோரும் அறிந்தவைதாம். ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த வேண்டும். சாதாரண முழுக் காப்பீட்டிலேயே வண்டியைத் தூக்கிச் செல்லும் செலவு அடங்கியிருக்கிறதே என்று சகலை கேட்டார். அந்தப் பிரிவு விபத்துக்கு மட்டும் உரியது. தனியார் காருக்கு அதன் வரம்பு 1,500 ரூபாய். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து வண்டி நின்றால் காப்பீட்டின் கண்ணில் அது விபத்து ஆகாது. அப்படி நிற்கும் வண்டிக்காகத்தான் இந்தத் தனிப் பிரிவு.

நகரத்துக்குள் இச்சேவை பாராட்டுக்குரியது. சென்னையில் காலை வேளையில் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் பேட்டரி செத்துக் கிடந்தபோதெல்லாம், அழைத்த சிறிது நேரத்தில் பைக்கில் ஒருவர் பையோடு வந்து, பூஸ்டரை மாட்டி எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டு, ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தம்மிடமே பேட்டரி வாங்கிக்கொள்ளுமாறு நச்சரித்ததும் இல்லை. இந்த ஓர் உதவிக்காகவே ஆண்டுச் சந்தாவைக் கட்டலாம் என்று பலரிடம் நானே பரிந்துரைத்திருக்கிறேன். வீட்டு முகவரி அவர்களுடைய கணினியில் ஏற்கெனவே இருந்ததால்தான் அத்தனையும் அவ்வளவு சுலபமாக நடந்தது என்பது வண்டி ஊருக்கு வெளியே நின்றபோதுதான் புரிந்தது.

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது வெப்பமுள் ஏறியது. ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்தால் கூலண்ட் முழுவதும் தார்ச்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. குடும்பத்தினரை இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு, சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, சேவை மையத்தை அழைத்தேன். மொழியைத் தேர்ந்தெடுத்து, இசையைக் கேட்டுக் காத்திருந்து, கடைசியில் ஒரு பெண் பேசினார். மிகவும் பணிவாகத்தான் பேசினார். வண்டி எண், பாலிசி எண், கோளாறு என்ன என்பவற்றையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு, “நீங்கள் இருக்கும் இடத்தின் பின்கோடு சொல்லுங்கள் சார்” என்றார்.

இருபுறமும் சவுக்குத் தோப்பு. எந்த அஞ்சலகத்தின் எல்லைக்குள் நிற்கிறோம் என்பதை அந்தத் தோப்பின் சொந்தக்காரரே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கிணற்றில் விழுந்தவனிடம் கதவிலக்கம் கேட்பதைப் போன்ற இந்தக் கேள்வியை நான் அழைத்த ஒவ்வொரு முறையும், இரண்டு நிறுவனங்களிலும், கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றால் அடுத்த கேள்வி ‘லேண்ட்மார்க்’. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் திசை, திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கும் நடுவே, அருகிலிருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண் இது என்று நான் சொன்னேன். நெடுஞ்சாலையில் இதைவிடத் துல்லியமான முகவரி கிடையாது. கிலோமீட்டருக்கு ஒரு கல், அதற்கிடையில் இருநூறு மீட்டருக்கு ஒரு சிறிய கல் என்று நட்டு வைத்திருப்பதே இதற்காகத்தான். ஆனால் அந்தப் பெண்ணின் திரையில் கல்லின் எண்ணை எழுதக் கட்டம் இல்லை. “பக்கத்தில் ஹோட்டலோ, பெட்ரோல் பங்கோ, பேங்க்கோ ஏதாவது இருக்கிறதா சார்?” என்று அவர் மறுபடியும் கேட்டபோது, குறை அவருடையதன்று என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது, ஆனாலும் குரலை உயர்த்தாமல் இருப்பது கடினமாக இருந்தது. அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் வண்டிகள் எப்போதும் வங்கிக் கிளைகளின் வாசலில்தான் பழுதாகும் என்று நம்பியிருக்க வேண்டும்.

இருக்குமிடத்தைப் பகிரக் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புகிறார்களே என்று சிலர் கேட்கலாம். அனுப்புகிறார்கள், டேட்டா கிடைக்கும் இடத்தில் அது திறக்கவும் செய்கிறது. ஆனால் வரைபடத்தில் விழும் புள்ளி சாலையின் எந்தப் பாதியில் விழுகிறது என்பதில்தான் சிக்கல். நான்குவழிச் சாலையின் நடுவே தொடர்ச்சியாக மீடியன் இருக்கிறது. சென்னைக்குப் போகும் பக்கத்தில் வருகிற மீட்பு வண்டிக்கு, திருச்சிக்குப் போகும் பக்கத்தில் நிற்கும் என் கார் சில அடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வந்து சேர அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். அன்று அதுதான் நடந்தது. சேவை மையத்தில் ஒருமுறை, அவர்கள் வேலையை ஒப்படைத்த இடைத்தரகு அலுவலகத்தில் ஒருமுறை என்று திசையைத் தெளிவாகச் சொல்லியிருந்தும், கிரேன் ஓட்டுநருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் புள்ளிதான். விழுப்புரம் பக்கத்திலிருந்து எதிர்ச்சாரியில் வந்தவர், மீடியனுக்கு அப்பால் வண்டியை மெதுவாக்கி, என்னைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டுக் கடந்து போனார். திருப்பம் எங்கே இருந்ததோ, அவர் திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் கையிலிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது.

இதற்கிடையில் 1033-ஐயும் அழைத்தேன். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இந்த இலவச எண் 2018 முதல் இருக்கிறது. அங்கே எடுத்தவர் கேட்டவை இரண்டே: எந்தக் கல், எந்தத் திசை. ரோந்து வண்டி வந்து, காருக்குப் பின்னால் ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்து, மீட்பு வண்டி வரும் வரை விளக்கைச் சுழலவிட்டு நின்றது. காரைப் பணிமனைக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலையன்று. சாலையை அடைத்து நிற்கும் வண்டியை அருகில் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவதோடு அவர்கள் கடமை முடிகிறது. எனினும், கட்டணம் வாங்காத எண்ணுக்கு விளங்கும் கல், கட்டணம் வாங்கும் சேவைக்கு விளங்காதது ஏன் என்ற கேள்வி அன்றிலிருந்து எனக்குள் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது.

வந்து சேர்ந்த இளைஞரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நியாயமற்றவன் ஆவேன். காரை முழுவதுமாக மேலே ஏற்றிச் செல்லும் தட்டையான மீட்பு வண்டியான பிளாட்பெட்டின் மேடையைப் பின்னோக்கி நகர்த்திச் சாய்த்து, என் காரின் முன்பம்பர் தாழ்வாக இருப்பதைக் கவனித்துச் சக்கரங்களுக்கு முன் இரண்டு மரப்பலகைகளைப் போட்டார். டிக்கியில் ஜாக்கியோடு கிடக்கும் இழுகொக்கியை எடுத்துத் தரச் சொல்லி, பம்பரில் இருக்கும் சிறு மூடியைக் கீறல் விழாமல் நெம்பித் திறந்து, கொக்கியை முறுக்கி மாட்டி, கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சை ஓடவிட்டார். கார் அங்குலம் அங்குலமாக ஏறியது. மேலே போனதும் நான்கு சக்கரங்களையும் பெல்ட்டால் இழுத்துக் கட்டினார். சஸ்பென்ஷனில் சங்கிலி மாட்டும் பழைய வழக்கம் அவரிடம் இல்லை. “கியர்ல வேணாம் சார், நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக் மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றார். விழுப்புரத்துப் பணிமனையில் இறக்கிய பிறகு, கூலண்ட் வழிந்து நனைந்திருந்த தம் மேடையைத் துடைத்துக்கொண்டே, எங்கள் குடும்பத்துக்கு வாடகைக்கார் ஏற்பாடு செய்ய யாரையோ அழைத்தும் கொடுத்தார். இது எந்தத் திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. வரும் மனிதர்கள் ஏறத்தாழ எல்லோருமே இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். அவர்கள் அந்தந்த ஊரில் சொந்தமாக ஒன்றிரண்டு மீட்பு வண்டி வைத்திருப்பவர்கள், அல்லது அவர்களிடம் வேலை செய்பவர்கள். நாம் சந்தா கட்டும் நிறுவனத்துக்கு அந்தச் சாலையில் சொந்தமாக ஒரு சக்கரம்கூட இல்லை. அது விற்பது ஒரு தொலைபேசி அழைப்பை. அந்த அழைப்பில்தான் கோளாறு இருக்கிறது என்பதுதான் என் கோபத்தின் வேர்.

மலைப்பாதையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏறும்போது கிளட்ச் தேய்ந்து வண்டி நின்றது. தொடர்பு விட்டுவிட்டுக் கிடைத்த நிலையிலும் மையம் பின்கோடு கேட்டது, காட்டுக்குள் இருக்கிறேன் என்றேன், லேண்ட்மார்க் கேட்டது. பின்னர் சத்தியமங்கலத்திலிருந்து அழைத்த ஓட்டுநர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எத்தனாவது வளைவுண்ணா?” சொன்னேன். நேராக வந்து நின்றார். நீளமான பிளாட்பெட் அந்த வளைவுகளில் சிரமப்படும் என்று, முன்சக்கரங்களை மட்டும் தூக்கி இழுக்கும் சிறிய வண்டியைக் கொண்டுவந்திருந்தார். என் கார் முன்சக்கர இயக்கம் உடையது. உந்தும் சக்கரங்கள் மேலே போய்விடுவதால் கியர்பாக்ஸுக்குக் கேடில்லை. அந்தச் சாலையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், வெளிச்சம் மங்குவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்ததைப் போல மையத்துக்கு இல்லை. பண்ணாரி வந்து சேர்ந்த பிறகுதான், என் இருப்பிடத்தை உறுதி செய்யச் சொல்லி அவர்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

சகலையின் கார் ஆட்டோமேட்டிக் என்பதால் அவருக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். உந்தும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால், எஞ்சின் ஓடாத நிலையில் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் செலுத்தும் பம்பும் ஓடாது. உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும். எனவே அழைக்கும்போதே பிளாட்பெட்தான் வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மின்சாரக் கார்களுக்கும் இதே விதிதான். அங்கே சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் பின்சக்கரங்கள் பூட்டியபடியே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைகளோடு வருவார்கள். இவற்றையெல்லாம் ஓட்டுநரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். மையத்தில் சொல்வது பெரும்பாலும் மையத்திலேயே தங்கிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. இரவில் வண்டி நின்றால் பணிமனை மூடியிருக்கும். மீட்பு வண்டிக்காரரின் கொட்டகையில் இரவு முழுவதும் நிறுத்திவிட்டுக் காலையில் மறுபடி ஏற்றினால், அதை இரண்டாவது சேவையாகக் கணக்கிடும் திட்டங்கள் இருக்கின்றன. இலவசத் தூரம் எத்தனை கிலோமீட்டர், அது ஒருவழியா, ஏற்றிச் செல்லும் வண்டிக்கான சுங்கக் கட்டணம் யார் தலையில் என்ற மூன்றையும் பணம் கட்டும் முன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இவற்றில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்றும் இல்லை, எழுதியிருந்தபடியே நடந்துகொண்டார்கள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் இச்சேவை ஒருமுறையும் என்னைக் கைவிட்டதில்லை. நான் கட்டிய சந்தாக்களின் மொத்தத்தைவிட அவர்கள் எனக்காகச் செய்த செலவு நிச்சயமாக அதிகம். விழுப்புரத்து அனுபவம் ஒன்றே பல ஆண்டுச் சந்தாவுக்கு ஈடாகும். ஆகவே சகலையிடம் தயங்காமல் எடுக்கச் சொல்லிவிட்டேன். புதிய கார்களில் பல இப்போது ஸ்டெப்னியே இல்லாமல் பஞ்சர் ஒட்டும் பெட்டியோடு வருவதால், 2020-இல் அதற்கு விதிகளிலேயே இடம் கொடுத்துவிட்டதால், இத்தகைய உதவியின் தேவை இனி கூடத்தான் செய்யும்.

நான் மட்டும் இந்த ஆண்டு எடுக்கவில்லை. புதுப்பிக்கும் நேரத்தில் நிறுவனத்திலிருந்து அழைத்த இளைஞரிடம், கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டதா என்று கேட்டேன். அதைக் குறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, சரிபார்ப்பதற்காக என் பின்கோடு என்ன என்று கேட்டார். அதன் பிறகு அந்தப் பிரிவுக்குப் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. விழுப்புரத்து இளைஞரின் எண்ணும் சத்தியமங்கலத்துக்காரரின் எண்ணும் என் கைப்பேசியில் இருக்கின்றன. நேரடியாக அழைத்தால் சந்தாவைவிடப் பல மடங்கு அவர்களுக்குக் கொடுக்க நேரும் என்பது தெரிந்துதான் இதைச் செய்திருக்கிறேன். இந்த இரண்டு ஊர்களுக்கும் எட்டாத இடத்தில் வண்டி நின்றால் யாரை அழைப்பேன் என்று மனைவி கேட்கிறாள். இப்போதைக்கு 1033-ஐத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.